டிரெட்மில்லுக்குப் பின்னால் எவ்வளவு இடம் விட வேண்டும்?

4 ஜூன் 2023, கேள்வி

அம்மாவுக்கு 61 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை. வெளியே நடக்கப் போனால் தெருநாய் பயம், மழை பெய்தால் சேறு. அதனால் போன வாரம் டிரெட்மில் வாங்கிவிட்டோம். டிவி பார்த்தபடி நடக்கட்டும் என்று ஹாலில், பின்பக்கம் சுவரை ஒட்டிப் போட்டிருக்கிறோம். சுவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் முக்கால் அடி இருக்கும். இடத்தை அடைக்காமல் கச்சிதமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து பூட்டிக் கொடுத்தவரும் ஒன்றும் சொல்லவில்லை. நான்கு வயதில் மகள் இருக்கிறாள். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா? (திருப்பூர்)

4 ஜூன், இரவு 10.15

தம்பி, முதலில் அந்தச் சுவர். நாளைக் காலையில் அம்மா ஏறுவதற்கு முன்னால் இயந்திரத்தை நகர்த்திவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

ஓடும் பெல்ட்டில் கால் தடுமாறினால் ஆள் குப்புற விழுவார். விழுந்தவரைப் பெல்ட் பின்னால் இழுத்துக்கொண்டு போய்த் தள்ளும். பின்னால் வெறும் தரை இருந்தால் தரையில் போய் விழுவார், பெரும்பாலும் சிராய்ப்போடு போகும். சுவர் இருந்தால் சுவருக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார். அப்போதும் பெல்ட் நிற்காது, உடம்புக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும், தோல் உரியும்.

இயந்திரத்தோடு வந்த கையேட்டை எடுத்துப் பாருங்கள். பின்பக்கம் 2 மீட்டர், இரண்டு பக்கமும் அரை மீட்டர் என்ற கணக்கில்தான் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். 2 மீட்டர் என்றால் ஆறரை அடி. முக்கால் அடி எங்கே, ஆறரை அடி எங்கே.

5 ஜூன், காலை 6.30

நேற்று இரவு கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேனோ என்று தோன்றியது. அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

2019இல் நியூ ஜெர்சியில் மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். வெளியே பனி. பேஸ்மென்ட்டில் டிரெட்மில் இருந்தது. மதுரையில் என் வீட்டு இயந்திரத்தில் தினமும் 5 வைத்துத்தான் நடப்பேன், அரை மணி நேரம் சுகமாகப் போகும். அங்கேயும் ஏறி 5 என்ற பொத்தானை நேராக அழுத்தினேன். அந்த நாட்டுக் கணக்கு மைல். மணிக்கு 5 மைல் என்றால் 8 கிலோமீட்டர். அது நடை இல்லை, ஓட்டம். நான்கைந்து நொடியில் பெல்ட் வேகம் பிடித்துவிட்டது. கைப்பிடியை எட்டிப் பிடித்தேன். கை பிடித்திருந்தது, கால் பின்னால் போய்விட்டது. முழங்கால் பெல்ட்டில் தேய்ந்தது, கையை விட்டதும் பின்னால் போய் விழுந்தேன்.

பின்னால் எட்டடிக்கு வெறும் கார்ப்பெட். அதனால்தான் இரண்டு முழங்காலிலும் ஒரு உள்ளங்கையிலும் தோல் போனதோடு முடிந்தது. உள்ளங்கையை மடக்கிச் சோறு பிசைய ஐந்து நாள் ஆயிற்று. மகன் அந்த இயந்திரத்தை நடு அறையில் போட்டிருந்தது தற்செயல்தான், பாதுகாப்பை நினைத்துப் போட்டதில்லை. அன்றைக்குப் பின்னால் சுவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் அடிக்கடி நினைப்பேன்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோர்கள் இதைப் படித்தால், ஏறுவதற்கு முன்னால் திரையில் இருப்பது மைலா கிலோமீட்டரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

5 ஜூன், மதியம் 1.10

சேஃப்டி கீ பற்றிச் சொல்லாமல் விட்டேன். சிவப்பு நிறத்தில் ஒரு சாவி, அதிலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் கிளிப். கிளிப்பை இடுப்புத் துணியில் மாட்டிக்கொள்ள வேண்டும். நாம் பின்னால் போனால் கயிறு சாவியைப் பிடுங்கும், மோட்டாருக்குக் கரன்ட் நின்றுவிடும். நியூ ஜெர்சியில் சாவி அதன் இடத்தில்தான் இருந்தது, கிளிப் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டியிருந்தால் உள்ளங்கையாவது தப்பியிருக்கும்.

மாட்டியதும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். மெதுவான வேகத்தில் பெல்ட் ஓடும்போது ஓரத்துச் சட்டத்தில் நின்றுகொண்டு கயிற்றை இழுங்கள். பெல்ட் நிற்க வேண்டும். கயிறு மிக நீளமாக இருந்தால் ஆள் விழுந்த பிறகுதான் சாவி கழலும், அதனால் ஒரு முடிச்சுப் போட்டுக் குறைத்துக்கொள்ளலாம்.

6 ஜூன், இரவு 9.00

ஹாலில் பன்னிரண்டு அடி ஒதுக்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். இயந்திரம் ஐந்தரை, பின்னால் ஆறரை, கூட்டினால் பன்னிரண்டு. நம்முடைய வீடுகளில் அது பெரிய கேட்பு என்பது எனக்கும் தெரியும்.

நான் செய்தது இது. பத்துக்குப் பதினொன்று அறை. டிரெட்மில்லின் முகப்பை ஜன்னல் சுவரை ஒட்டித் திருப்பி, வால் பக்கம் கதவு வாசலுக்கு நேராக வரும்படி போட்டேன். நடக்கும்போது கதவு திறந்தே இருக்கும். அறையில் மிஞ்சும் ஐந்தரை அடியோடு கதவுக்கு வெளியே இருக்கும் நடையும் சேர்ந்தால் ஏழு எட்டு அடி கிடைத்துவிடும். ஜன்னல் காற்று முகத்தில் அடிப்பது கூடுதல் லாபம்.

டிவிதான் சிக்கல். இயந்திரத்தின் முகப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பினால் டிவி தெரியாது. அதற்காகத்தான் பலரும் முதுகைச் சுவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பாட்டுக் கேட்டுக்கொண்டு நடக்கட்டும். அதுவும் காதை அடைக்கும் ஹெட்போனில் வேண்டாம், அறையில் ஓடட்டும்.

7 ஜூன், காலை 7.00

நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை இருக்கிறது. உங்கள் வீட்டில் நான்கு வயதுக் குழந்தை. கதவைத் திறந்து வைத்து வால் பக்கத்தை வாசலுக்குக் காட்டினால், பாட்டியைத் தேடி ஓடிவரும் குழந்தை நேராகப் பெல்ட்டின் பின்முனைக்கு வந்து நிற்கும். நடப்பவருக்கு அது தெரியவே தெரியாது. எங்கள் வீட்டில் நானும் மனைவியும் மட்டும் என்பதால் எனக்கு அது உறைக்கவில்லை.

குழந்தை இருக்கும் வீட்டில் இரண்டு ஏற்பாடு வேண்டும். நடக்கும் நேரத்தில் குழந்தையை இன்னொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும், முடியாவிட்டால் குழந்தை பள்ளிக்குப் போனபிறகு நடக்கட்டும். அப்புறம், முகப்புச் சுவரில் ஒரு கண்ணாடி. மூன்றடி உயரக் கண்ணாடியை நெஞ்சு மட்டத்தில் மாட்டினால் முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தபோது மனைவி சொல்லி மாட்டியது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, பேத்தி பின்னால் வந்து நின்றதைக் கண்ணாடியில் பார்த்துச் சாவியைப் பிடுங்கினேன்.

11 ஜூன், மாலை 5.20

மின்சாரம். இதை நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள்.

2 எச்.பி. மோட்டார் என்றால் ஏறக்குறைய 1,500 வாட். 230 வோல்ட்டில் அது ஆறரை ஆம்பியர். கிளம்பும்போதும் எடை கூடும்போதும் இன்னும் இழுக்கும். ஆகவே ஃபேன், செல்போன் சார்ஜருக்கான 6 ஆம்பியர் பிளக்கில் போடக் கூடாது. பெரிய துளை உள்ள 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும், அதில் எர்த் உண்மையிலேயே வேலை செய்ய வேண்டும். வியர்வையும் இரும்பும் சேர்கிற இடம், எர்த் இல்லாமல் ஓட்டவே வேண்டாம். எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

நம் வீடுகளில் பவர் பிளக் எங்கே இருக்கும்? சமையலறையில், குளியலறை கீசருக்கு, வாஷிங் மெஷினுக்கு, அப்புறம் ஏ.சி.க்கு. ஏ.சி. பாயின்ட் ஏழடி உயரத்தில் இருக்கும், டிரெட்மில்லின் ஒயர் அங்கே எட்டாது. உடனே எல்லோரும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்குகிறோம். நானும் வாங்கினேன். இரண்டாவது மாதம் பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம். பிளக்கைப் பிடுங்கினால் துளையைச் சுற்றிப் பழுப்பாக உருகியிருந்தது. அன்றைக்கே எலக்ட்ரீஷியனை வைத்து ஏ.சி. பாயின்ட்டிலிருந்து அதே கனத்தில் ஒயர் இறக்கி, தரையிலிருந்து ஒன்றரை அடியில் ஒரு பவர் பிளக் போட்டுக்கொண்டேன். அந்த லைனில் இப்போது டிரெட்மில் மட்டும்தான்.

இன்வெர்ட்டரில் ஓட்ட முடியுமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டர் அந்தச் சுமைக்கு உண்டானது இல்லை. கரன்ட் போனால் பெல்ட் சட்டென்று நிற்கும், நாம் முன்னால் தள்ளப்படுவோம். காற்று மழை அடிக்கிற சாயங்காலத்தில் ஓட வேண்டாம், நடை போதும். பெரும்பாலான இயந்திரங்கள் கரன்ட் திரும்பி வந்ததும் தானாக ஓடாது, மறுபடி ஸ்டார்ட் அழுத்த வேண்டும். ஆனால் அதை நம்பி பெல்ட்டின் மேல் நிற்காதீர்கள். கரன்ட் போனதும் சாவியை எடுத்துவிட்டு இறங்குங்கள்.

18 ஜூன், இரவு 8.45

நாகர்கோவில் தங்கச்சி கேட்டது நல்ல கேள்வி. ஃபேன் தலையில் இடிக்குமா?

உங்கள் வீட்டுக்காரர் ஐந்தடி பத்து அங்குலம் என்கிறீர்கள். பெல்ட் தரையிலிருந்து ஆறு அங்குலம் உயரத்தில் இருக்கும். ஏறி நின்றால் ஆறடி நான்கு. ஒன்பதடி கூரையில் ஒரு அடி ராடு போட்டுத் தொங்கும் ஃபேன் இறக்கை எட்டடியில் சுற்றும். தலைக்குப் பயமில்லை, கை தூக்கிச் சோம்பல் முறித்தால் பயம்தான். இன்க்ளைன், அதாவது மேடு ஏறுவதுபோல் பலகையைச் சாய்க்கும் வசதி, அதை ஏற்றினால் முன்பக்கம் இன்னும் உயரும். ஃபேனுக்கு நேர் கீழே போடாமல் தள்ளிப் போடுங்கள்.

ஃபேனைவிட லாஃப்ட்தான் ஆபத்து. படுக்கையறையில் சாமான் போடும் லாஃப்ட் ஏழடியில் இருக்கும். மூலை காலியாக இருக்கிறதே என்று அதன் அடியில் டிரெட்மில்லைத் தள்ளிவிடுகிறோம். ஏழடியில் ஆறு அங்குலம் போனால் மீதி ஆறரை. ஓடும்போது உடம்பு மேலே எழும்பும். கான்கிரீட் விளிம்பு.

பால்கனியில் போடலாமா என்றால், சாரல் அடிக்காது என்றால் மட்டும். அடித்தால் வேண்டாம்.

25 ஜூன், மதியம் 12.00

ஒருவர், “குழந்தை விஷயத்தை ரொம்பப் பெரிதாக்குகிறீர்கள்” என்று எழுதியிருக்கிறார். இல்லை. குறைத்துத்தான் சொன்னேன்.

2009 மே மாதம் குத்துச்சண்டை வீரர் மைக் டைசனின் நான்கு வயது மகள் இறந்துபோனாள். வீட்டு டிரெட்மில்லில் தொங்கிய கயிறு கழுத்தில் மாட்டிக்கொண்டது. 2021 மே மாதம் அமெரிக்காவில் பெலோட்டன் என்ற உடற்பயிற்சி இயந்திர நிறுவனம் தன் டிரெட் பிளஸ் டிரெட்மில்களில் ஏறக்குறைய 1,25,000ஐத் திரும்பப் பெற்றது. ஒரு குழந்தை இறந்திருந்தது. பெரியவர்கள், குழந்தைகள், வளர்ப்புப் பிராணிகள், பொருட்கள் பின்பக்கம் அடியில் இழுக்கப்பட்டதாக எழுபதுக்கும் மேற்பட்ட புகார்கள் வந்திருந்தன.

நம் வீட்டு இயந்திரத்தில் அதிகம் அடிபடுவது குழந்தையின் கை. பெல்ட் உருளையைச் சுற்றி அடியில் போகிற பின்முனையில் விரலை வைத்துவிடும். உராய்வில் தோல் வெந்துபோகும், சில குழந்தைகளுக்கு வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டிவரும்.

ஆகவே நடை முடிந்ததும் சேஃப்டி கீயைக் கயிற்றோடு கழற்றி எடுத்துவிடுங்கள், இயந்திரத்தில் தொங்க விடாதீர்கள். சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்குங்கள். மடக்கும் வகை என்றால் நிமிர்த்தி, லாக் விழுந்த சத்தம் கேட்டதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அந்தப் பலகை குழந்தையின் மேல் சாயும். எங்கள் வீட்டில் சாவி சாமி அலமாரியின் மேல் தட்டில் இருக்கும். பேத்திக்கு எட்டாது, எனக்கும் மறக்காது.

9 ஜூலை, காலை 8.30

அம்மா ஏறிவிட்டார்கள் என்று படித்ததில் சந்தோஷம். இனி அம்மாவுக்காகச் சில விஷயங்கள்.

பெல்ட்டின் மேல் நின்றுகொண்டு ஸ்டார்ட் அழுத்தக் கூடாது. இரண்டு ஓரச் சட்டத்திலும் ஒவ்வொரு காலை வைத்து நின்று, கிளிப்பை மாட்டி, ஸ்டார்ட் அழுத்தி, பெல்ட் மெதுவாக நகர்வதைக் கண்ணால் பார்த்த பிறகு ஒரு காலை வைக்க வேண்டும். இறங்கும்போது வேகத்தைக் குறைத்துக் குறைத்து, பெல்ட் முழுதாக நின்ற பிறகு, அரை நிமிடம் கைப்பிடியைப் பிடித்து நின்று, அப்புறம் இறங்கட்டும். புதிதாக நடப்பவர்களுக்கு இறங்கியதும் தரை நகர்வதுபோல இருக்கும். முதல் பத்து நாள் நீங்கள் பக்கத்திலேயே இருங்கள்.

உடை. வீட்டில் நைட்டியோடு ஏறுவார்கள். அதன் விளிம்பு காலில் சிக்கும், குனிந்தால் பெல்ட்டில் இழுபடும். புடவை முந்தானையும் துப்பட்டாவும் அப்படியே. சுடிதார் போட்டுத் துப்பட்டா இல்லாமல் நடக்கட்டும். இதை அம்மாவிடம் மகன் சொல்வதைவிட மருமகள் சொன்னால் எளிதில் நடக்கும் என்பது என் அனுபவம். ஆண்களும் லுங்கி வேட்டியோடு ஏற வேண்டாம்.

செருப்பு கூடாது, வெறுங்காலும் கூடாது. சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். கொப்புளம் வந்தாலும் தெரியாது. ஷூவும் பருத்திக் காலுறையும் போட்டு, முடிந்ததும் பாதத்தின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். இன்சுலினோ மாத்திரையோ போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் நடந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். ஓடும் பெல்ட்டில் அது வரக் கூடாது. நடக்கும் முன் எவ்வளவு இருக்க வேண்டும் என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டு, அந்த எண்ணை இயந்திரத்தின் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். ஒரு சின்ன டப்பாவில் சர்க்கரையும் அங்கேயே இருக்கட்டும்.

16 ஜூலை, இரவு 9.30

கொஞ்சம் விலகிப் போகிறேன். மருத்துவமனையில் டி.எம்.டி., அதாவது டிரெட்மில்லில் நடக்க வைத்து இதயத்தைப் பார்க்கும் சோதனை, எடுத்துவிட்டு வந்தவர் ஒருவர், “அங்கே மேட்டில் விறுவிறு என்று நடந்தேன், வீட்டிலும் அப்படியே நடக்கலாமே” என்கிறார்.

அந்தச் சோதனைக்கு அடிப்படை, அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் என்ற இதய மருத்துவர் வகுத்த முறை. முதல் மூன்று நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர்தான், ஆனால் 10 சதவீத ஏற்றம். அடுத்த மூன்று நிமிடம் 4 கிலோமீட்டர், 12 சதவீதம். இப்படி ஒவ்வொரு மூன்று நிமிடத்துக்கும் கூட்டிக்கொண்டே போவார்கள். இதயத்தை வேண்டுமென்றே சோதிப்பதற்கான ஏற்றம் அது. நெஞ்சில் ஈ.சி.ஜி. ஒயர், கையில் பிரஷர் பட்டை, பக்கத்தில் ஆள் நின்றுகொண்டே இருப்பார். வீட்டில் இதில் எதுவும் இல்லை. வீட்டில் பக்கத்தில் நிற்பவரோடு பேச முடிகிற வேகமே போதும்.

பேரன் கேட்டுத் தேடியதில் இன்னொன்றும் தெரிந்தது. டிரெட்மில் என்ற பெயர் இங்கிலாந்துச் சிறையிலிருந்து வந்தது. 1818இல் வில்லியம் க்யூபிட் என்ற பொறியாளர் கைதிகள் மிதித்துச் சுற்றுவதற்காகப் பெரிய சக்கரம் ஒன்றை வடிவமைத்தார். மணிக்கணக்கில் மிதிக்க வைத்திருக்கிறார்கள். படித்த அன்று மனது கனத்தது.

13 ஆகஸ்ட், காலை 10.00

பெல்ட் இடதுபக்கம் ஒதுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம். பின்முனையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு போல்ட் இருக்கும். இயந்திரத்தோடு கொடுத்த எல் கீயால் (எல் எழுத்து வடிவத்தில் வளைந்த திருகுசாவி), பெல்ட் எந்தப் பக்கம் ஒதுங்கியதோ அந்தப் பக்கத்து போல்ட்டைக் கடிகாரம் சுற்றுகிற திசையில் கால் சுற்று திருப்புங்கள். நிறுத்திவிட்டுத் திருப்புங்கள், பெல்ட் ஓடும்போது அங்கே கையை நீட்டாதீர்கள். பிறகு ஆள் ஏறாமல் மெதுவாக ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு கால் சுற்று.

எண்ணெய்: பெல்ட்டின் மேலே இல்லை, பெல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவில். சிலிக்கான் ஆயில் மட்டும். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாராளமாக விடுங்கள்.

20 ஆகஸ்ட், காலை 7.15

“தாராளமாக” என்று எழுதியது தவறு. அந்தச் சொல்லை நம்பி ஒருவர் அரை பாட்டில் ஊற்றிவிட்டு, கால் வைத்ததும் பெல்ட் வழுக்கி நிற்கிறது என்று எழுதியிருக்கிறார். நல்லவேளை விழவில்லை. என் சொல்லால் வந்தது, வருந்துகிறேன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு பெல்ட்டைத் தூக்கிப் பலகையைத் தொட்டுப் பாருங்கள். விரலில் பிசுபிசுப்பு இருந்தால் ஒன்றும் விட வேண்டாம். காய்ந்திருந்தால் மட்டும், கையேட்டில் சொன்ன அளவு. ஊற்றியது அதிகமாகிவிட்டால் பழைய பருத்தித் துணியை உள்ளே நுழைத்துத் துடைத்து எடுங்கள்.

5 நவம்பர், இரவு 9.10

கைப்பிடியைப் பிடிக்காமல் நடக்க வேண்டும் என்று வேறொரு இடத்தில் எழுதியிருந்தேன். பிடித்துத் தொங்கினால் முதுகு வளையும், நடையின் பலன் குறையும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் அம்மாவுக்குப் பாதத்தில் மதமதப்பு இருக்கிறது என்று இப்போது சொல்கிறீர்கள். அவர் பிடித்துக்கொண்டே நடக்கட்டும். எடையைப் போடாமல் விரல் பட்டிருந்தால் போதும். வேகம் மணிக்கு இரண்டரை, மூன்று கிலோமீட்டர். பலன் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

14 ஜனவரி 2024, மாலை 6.00

நீங்கள் அனுப்பிய புகைப்படம் பார்த்தேன். கண்ணாடி மாட்டிவிட்டீர்கள், பிளக் சரியான உயரத்தில் இருக்கிறது, அம்மா ஷூ போட்டிருக்கிறார். கிளிப்பும் மாட்டியிருக்கிறார். ஒரு நாளைக்கு 25 நிமிடம் என்பது அவருக்கு நல்ல அளவு.

ஒன்றே ஒன்று. வால் பக்கம், கதவுக்கு முன்னால் துணி காயப்போடும் ஸ்டாண்ட் நிற்கிறது. பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் வந்ததில் நகர்த்தி வைத்ததாக இருக்கும். நாளைக் காலையில் அம்மா ஏறுவதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள்.